காலண்டர் தாளின் பின்பக்கம்

நம் வீட்டு அடுக்களைச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைக் காலையில் கிழிப்பது என் வேலை. நீங்கள் இரண்டு பேரும் பிறப்பதற்கு முன்பிருந்தே அது என் வேலைதான். வேறு யாராவது கிழித்துவிட்டால் எனக்கு அன்றைக்குப் பல் விளக்காதது போல இருக்கும்.

கிழித்த தாளை உடனே எறிய மாட்டேன். வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் படிப்பேன். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், எந்தத் திசையில் சூலம், கடைசியில் பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல்லாகப் பலன். எனக்கு விருச்சிகம். 'லாபம்' என்று இருந்தால் அன்று மல்லிகைச் செடியெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பது போலத் தெரியும். 'நஷ்டம்' என்று இருந்தால் கீரமங்கலத்துக்குப் பூ மூட்டையைக் கொண்டுபோகும்போதே முகம் தொங்கிவிடும். பூக்கடையில் தராசைப் பார்ப்பதற்கு முன்பே நான் நஷ்டப்பட்டு முடித்திருப்பேன்.

இதோடு இன்னொரு பழக்கமும் இருந்தது. வீட்டை விட்டு ஒரு காரியமாகக் கிளம்பும்போது யாராவது "எங்க போறீங்க?" என்று கேட்டுவிட்டால் போச்சு. திரும்பி வீட்டுக்குள் வந்து, உட்கார்ந்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவேன். நம் பக்கத்தில் பல பேருக்கு இது உண்டு. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் 'எங்க' என்று கேட்காமல் 'தூரமா?' என்று கேட்பார்கள். ஆனால் என் அளவுக்கு யாரும் செம்பும் கையுமாக இருந்ததில்லை என்று உங்கள் அம்மா சொல்வாள்.

இந்தப் பழக்கங்களால் எனக்கு என்ன நடந்தது, அதே காலண்டர் தாளால் எனக்கு என்ன கிடைத்தது என்பதை உங்களுக்கு எழுதி வைக்கிறேன். உங்களுக்குப் பாதி தெரியும். மீதியைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இப்போது இல்லை.

நான் ஒன்பதாவது முடித்ததும் போர்வெல் வண்டியோடு வெளிமாநிலம் போனவன். பத்தாவதில் உட்காரவே இல்லை. பெரியவள் ஆறாவது சேர்ந்தபோது பள்ளிக்கூடத்தில் ஒரு விவரப் படிவம் கொடுத்தார்கள். ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதம் அப்படி ஒன்று கொடுப்பார்கள். அதில் 'தந்தையின் கல்வித் தகுதி' என்று ஒரு கட்டம். நான் அதில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தனுப்பினேன்.

சாயங்காலம் பெரியவள் வந்து சொன்னாள்: "அப்பா, அந்தக் கோட்ட அழிச்சுட்டேன்."

"அழிச்சுட்டு?"

"பென்சில்ல எழுதிட்டேன். 'படித்துக்கொண்டிருக்கிறார்'னு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டீச்சர் ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டாங்க. ஒங்க அப்பா என்னம்மா படிக்கிறாருன்னு. கணக்குன்னு சொன்னேன்." பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அவளே தொடர்ந்தாள்: "இனிமே நீங்க படிச்சிருங்கப்பா. நான் சொன்னது பொய்யாப் போயிரும்."

பதினோரு வயதுப் பிள்ளை. மகளைப் பொய்க்காரி ஆக்கக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் தனித்தேர்வராகப் பத்தாவதுக்கு விண்ணப்பம் போட்டேன். வேறு பெரிய லட்சியம் எதுவும் கிடையாது.

முதல் தடவையிலேயே தமிழ், ஆங்கிலம், அறிவியல், சமூக அறிவியல் நாலிலும் தப்பித்துப் பாஸாகிவிட்டேன். கணக்கில் பத்தொன்பது. நான் எதைப் படிப்பதாக மகள் சொன்னாளோ அதில்தான் விழுந்தேன்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நம் வீட்டுக்கு வருவது மளிகைக் கடைக் காலண்டர். பின்பக்கம் வெறுமையாக இருக்கும். முன்பக்கத்தைப் படித்து முடித்ததும் திருப்பி வைத்து ஒரு கணக்கு போட்டேன். தாள் சின்னது. ஒரு கணக்குக்கு மேல் அடங்காது. அதுவே எனக்கு வசதியாகப் போயிற்று. ஒரு நோட்டு வாங்கியிருந்தால் முதல் நாள் பத்துக் கணக்கு போட்டுவிட்டு மூன்றாம் நாள் அதைத் தூக்கி அலமாரி மேல் வைத்திருப்பேன். ஒரு நாளுக்கு ஒன்று என்றால் மலைப்பு இல்லை. விடிந்தால் தாள் இருக்கிறது, பின்பக்கம் இருக்கிறது.

நம் தோட்டத்தில் பூ எடுக்க வருகிறவர்களில் ஒரு தங்கச்சி பி.எஸ்சி. கணக்கு படித்தது. விடியற்காலையில் பூ எடுத்துவிட்டு எட்டரைக்கு ஆலங்குடியில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விடும். அதனிடம் தாளைக் காட்டுவேன். மடியில் கட்டிய பூத்துணியோடு நின்றபடியே பார்த்து, சிவப்புப் பேனாவால் சரி அல்லது தப்பு போட்டுக் கொடுக்கும்.

"அண்ணே, அந்த மைனஸ் எங்க போச்சு? முழுங்கிட்டீங்களா?"

"எந்த மைனஸும்மா?"

"மூணாவது வரியில இருந்துச்சு. நாலாவது வரியில காணோம். நீங்க கணக்கு போடலண்ணே, அதப் பட்டினி போடுறீங்க."

மற்றவர்களெல்லாம் செடிக்குள் குனிந்தபடியே சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என் கணக்கைப் பார்த்து இத்தனை பேர் சந்தோஷப்பட்டது அதற்கு முன் கிடையாது.

துணைத்தேர்வு ஜூலை மாதம் வந்தது. திங்கட்கிழமை. புதுக்கோட்டையில் மையம். பத்து மணிக்குப் பரீட்சை. நம் நிறுத்தத்துக்கு ஏழு பத்துக்கு வரும் பஸ்ஸைப் பிடித்தால் ஒன்பதுக்குப் போய்விடலாம். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரைக்குத்தான் தொடங்குகிறது. எல்லாம் பொருத்தமாக இருக்கிறது என்று முந்தின நாளே பார்த்து வைத்திருந்தேன்.

ஏழு மணிக்குத் தலைவாரி, வெள்ளைச் சட்டை போட்டு, ஹால் டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். எதிர்வீட்டு மதினி வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தது. அது வெள்ளை மனசு. மனசில் தோன்றுவது வாயில் வந்துவிடும்.

"எங்கிட்டு கொழுந்தனாரே, வெள்ளையும் சொள்ளையுமா?"

கேட்ட பிறகுதான் அதற்கே உறைத்தது. சாம்பல் கையால் வாயைப் பொத்திக்கொண்டது. நான் வீட்டுக்குத் திரும்பினேன். உங்கள் அம்மா செம்பை நீட்டியபோது நெற்றியில் அடித்துக்கொண்டாள். குடித்தேன். மறுபடி இறங்கினேன். மதினிக்கு மனசு கேட்கவில்லை போல. பாதித் தெரு வரை ஓடி வந்துவிட்டது.

"என்னத்துக்குத் திரும்பிட்டீங்க? போகலையா? நான் கேட்டதுனாலயா?"

ஒரே மூச்சில் மூன்று கேள்வி. நான் மறுபடி திரும்பினேன். இரண்டாவது செம்பு தண்ணீர் பாதி குடிக்கும்போது ஏழு பத்து பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது. அடுத்த பஸ் ஏழே முக்காலுக்கு. அதற்குள் மணி ஏழரை ஆகிவிட்டது. ராகு காலம் வந்துவிட்டது. ஒன்பது மணி வரைக்கும் வெளியே கால் வைக்கக் கூடாது.

உட்கார்ந்திருந்தேன் பிள்ளைகளே. சட்டை கசங்காமல் நாற்காலி நுனியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். "எந்திரிச்சுப் போங்களேன்" என்று உங்கள் அம்மா நாலு தடவை சொன்னாள். என் கால் எழவில்லை. ஒன்பது அடித்ததும் மொபட்டை எடுத்துக்கொண்டு பறந்தேன். நம்முடைய வண்டி பறந்தால் எவ்வளவு பறக்கும் என்று உங்களுக்குத் தெரியும். போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால். வாசலில் நின்றவர் என் ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், என் தலைமுடியைப் பார்த்தார். இனி உள்ளே விட முடியாது என்று தலையாட்டிவிட்டு, "பஸ் கெடைக்கலையா?" என்று கேட்டார். என்ன சொல்வது? தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன் என்றா?

திரும்பி வந்ததும் நான் இரண்டு தப்பு செய்தேன்.

முதல் தப்பு, கணக்கு போடுவதை விட்டேன். 'நமக்கு இது ராசியில்லை' என்று மனசு சொன்னது. காலையில் தாளைக் கிழித்து முன்பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் போட்டுவிடுவேன். எதைப் பிடித்துக்கொள்ள வேண்டுமோ அதை விட்டுவிட்டேன். எதை விட வேண்டுமோ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாவது தப்பு அதைவிடப் பெரியது. கீரமங்கலத்தில் பூக்கடையில் எல்லோரும் "என்னாச்சு பரீட்சை?" என்று கேட்டபோது, மதினி கேட்ட மூன்று கேள்வியை நடித்துக் காட்டினேன். சிரித்தார்கள். எனக்கும் தோல்வி கொஞ்சம் லேசானது போல இருந்தது. மறுநாளும் நடித்தேன். அது தெருவுக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகும்?

கணக்கு போடாமல் ஒரு வாரம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோட்டத்திலிருந்து வந்தேன். வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. பழைய காலண்டர் தாள்களை நான் நூலால் கட்டி வைத்திருந்தேன் அல்லவா, அதை அவிழ்த்துத் தரை முழுக்கப் பரப்பியிருந்தீர்கள். பெரியவள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். சின்னவன் தாள்களைக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தான்.

"என்னம்மா இது?"

"இருங்கப்பா, மிதிச்சிராதீங்க. இங்கிட்டு இருக்குறது நல்ல பலன் வந்த நாளு. லாபம், வெற்றி, நன்மை, ஆதரவு. அங்கிட்டு இருக்குறது கெட்ட பலன். தடை, நஷ்டம், கவலை, பகை."

"சரி, அதுக்கு?"

"இப்பப் பின்னாடி திருப்பிப் பாக்கப் போறோம். எந்தக் கணக்கு சரி, எது தப்புன்னு."

எனக்குக் கோபமும் ஆவலும் சேர்ந்து வந்தன. சாப்பிடக்கூடப் போகாமல் நின்றேன். சின்னவன் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சத்தம் போட்டான்.

"தடை. ஆனா சரி!"

"லாபம். தப்பு."

"நஷ்டம். சரி. பெரிய சரி போட்டிருக்காங்க."

"வெற்றி." அவன் நிறுத்திவிட்டுத் தாளை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "அப்பா, வெற்றின்னு போட்ட அன்னைக்கு ஏழெட்டு அம்பத்தி நாலுன்னு எழுதியிருக்கீங்க."

அடுக்களையிலிருந்து உங்கள் அம்மா சொன்னாள்: "ஒங்க அப்பாவுக்கு ஏழாம் வாய்ப்பாட்டுலதான்டா சந்திராஷ்டமம்."

நான் சிரித்துவிட்டேன். சிரித்துச் சிரித்து அந்தத் தாள்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். நல்ல பலன் குவியலிலும் பாதிக்குப் பாதி சரி, கெட்ட பலன் குவியலிலும் பாதிக்குப் பாதி சரி. முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. ஆனால் பெரியவள் தாள்களைத் தேதி வாரியாக அடுக்கியபோது வேறு ஒன்று தெரிந்தது. மே மாதக் கடைசியில் தப்பு அதிகம். ஜூலையில் சரி அதிகம். அதற்கு எந்த ராசியும் காரணமில்லை. தினமும் ஒன்று போட்டதுதான் காரணம்.

மறுநாள் காலையிலிருந்து மறுபடி பின்பக்கத்தைத் தொடங்கினேன்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று மத்தியானத்தோடு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். புத்திக்குத் தெரிந்துவிட்டது, காலுக்குத் தெரியவில்லை. யாராவது எதிரில் வந்தால் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு போவேன். அது எப்போது போயிற்று என்றால், உங்கள் அம்மா ஒரு நாள் கேட்ட பிறகு.

"நீங்க வண்டிய எடுக்குறப்பல்லாம் எதிர்வீட்டு அக்கா என்ன பண்ணுதுன்னு பாத்தீங்களா?"

"என்ன பண்ணுது?"

"வெளக்குற பாத்திரத்த அப்புடியே போட்டுட்டு உள்ள போயிருது. நீங்க தெருவத் தாண்டுன பெறகுதான் வெளிய வருது. தெருவுல எல்லாரும் 'பரீச்சைய நிறுத்துனவ'ன்னு கேலி பேசுறாங்களாம். அன்னைக்கு எங்கிட்ட அழுதுருச்சு."

அது பொழுதுக்கும் வாசலில் இருக்கும் மனுஷி. தெருவில் போகிற கோழியிடமும் இரண்டு வார்த்தை பேசும். அதை நான் வீட்டுக்குள் தள்ளிவிட்டேன். என் பயத்துக்கு அதன் வாயை அடைத்துவிட்டேன். ஒரு பழக்கம் எனக்கு மட்டும் தொந்தரவு என்றால் இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ. இன்னொருவர் வாசலை மூட வைக்கிற பழக்கத்தை எப்படி வைத்துக்கொள்வது?

போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு தடவை போனேன். "அய்யோ, நீங்க கெளம்புங்க, நான் ஒண்ணும் கேக்கல" என்று கதவுக்குப் பின்னால் போய்விட்டது. சரி, வாயால் சொன்னால் ஆகாது என்று விட்டுவிட்டேன்.

அடுத்த பரீட்சை வந்தது. இந்தத் தடவை வெள்ளிக்கிழமை. காலையில் காலண்டருக்குப் போனால் அது சுவரைப் பார்த்துத் தொங்குகிறது. உங்கள் அம்மா திருப்பி மாட்டியிருந்தாள்.

"இன்னைக்கு ஒரு நாளு பாக்காட்டி என்ன?"

நான் அதை நேராக மாட்டி, கிழித்து, சத்தமாகவே படித்தேன். விருச்சிகம், தடை. பின்பக்கத்தில் ஒரு காரணிப்படுத்தும் கணக்கு போட்டேன். மைனஸ் நாலாவது வரி வரைக்கும் பத்திரமாக வந்து சேர்ந்தது. தாளைப் பெரியவளிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. விடிந்தபின் அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை. வாசலில் பாத்திரம் இல்லை. சன்னலும் மூடியிருந்தது. நான் பரீட்சைக்குப் போகும் வரை வெளியே வரக் கூடாது என்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

போய்க் கதவைத் தட்டினேன்.

"மதினி, வெளிய வாங்க."

"வரமாட்டேன். நீங்க போங்க."

"ஒண்ணு கேக்கணும்."

"நான் யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டேன், என்னையும் கேக்காதீங்க."

"மதினி, எங்க போறேன்னு கேளுங்க."

பக்கத்து வீடுகளிலிருந்து நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். பல்லில் பிரஷ்ஷோடு ஒருவர்.

"கேளுங்க மதினி. நீங்க கேக்காம நான் போகமாட்டேன். ஏழு பத்து பஸ் வந்துரும்."

"அய்யய்யோ, இதென்ன வம்பாப் போச்சு! சாமி சத்தியமாக் கேக்க மாட்டேன்."

"அக்கா, கேட்டுத் தொலைக்கா, மனுசன் பஸ்ஸ விட்டுருவாரு!" இது நம் வாசலிலிருந்து உங்கள் அம்மா.

சன்னல் ஒரு விரக்கடை திறந்தது. ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"எங்க... போறீங்க கொழுந்தனாரே?"

"பத்தாவது கணக்குப் பரீச்ச எழுதப் போறேன் மதினி!"

தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். பிரஷ்ஷோடு நின்றவர் நுரையோடு சிரித்தார். நான் திரும்பவில்லை. நேராக நிறுத்தத்துக்கு நடந்தேன். முதல் இருபது அடி கால் வீட்டுப் பக்கமே இழுத்தது, அது நிஜம். பின்னால் கதவு திறக்கும் சத்தமும், "இன்னொரு தடவ கேக்கட்டா?" என்று மதினி கத்தியதும் கேட்டன. அதன் பிறகு கால் ஒழுங்காக நடந்தது.

வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. பரீட்சைக்கு நடுவிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. ஹாலில் சுவர்க்கடிகாரத்தில் பத்தரை ஆனபோது நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். இருபது பேர் எழுதிக்கொண்டிருந்தோம். எல்லோருக்கும் ஒரே ராகு காலம். பாஸாகப் போகிறவருக்கும் அதேதான், ஃபெயிலாகப் போகிறவருக்கும் அதேதான். எனக்குத் தனியாக ஒன்றும் அனுப்பி வைக்கவில்லை. காம்பஸை எடுத்து வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்தேன். "வடிவியலையும் கிராஃபையும் விட்டுறாதீங்கண்ணே" என்று பூ எடுக்கும் தங்கச்சி சொன்னது காதில் இருந்தது. ஏழெட்டு எங்கும் வரவில்லை. வந்திருந்தாலும் ஐம்பத்தாறு என்று எழுதியிருப்பேன்.

முடிவு வந்த அன்று நாங்கள் தோட்டத்தில் இருந்தோம். அந்தத் தங்கச்சிதான் தன் போனில் எண்ணைப் போட்டுப் பார்த்தது. என் பக்கத்தில் வந்து, என் சட்டைப் பையில் இருந்த அன்றைய தாளை எடுத்து, சிவப்புப் பேனாவால் தாளை விடப் பெரிதாக ஒரு சரி போட முயன்றது. அதற்குக் கீழே எழுதியது: நாற்பத்து மூன்று.

அன்று எடுத்த பூவில் ஒரு படி மதினி வீட்டுக்குப் போயிற்று. மதினி அதைச் சரமாகக் கட்டி, தெருவில் எல்லாப் பெண்களுக்கும் கொடுத்தது. யார் கேட்டாலும் "நான் எங்கன்னு கேட்டேன், அதான் பாஸு" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதை நான் மறுக்கவே இல்லை.

ஜூன் மாதம் படிவம் வந்தது. பெரியவள் பேனாவை என் கையில் கொடுத்தாள். இரண்டு வருடமாக அந்தக் கட்டத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தவள். நான் மெதுவாக எழுதினேன்: பத்தாம் வகுப்பு தேர்ச்சி. எழுத்து கட்டத்தைத் தாண்டிவிட்டது. அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்ப அழிக்க முடியாதுல்ல" என்று மட்டும் சொன்னாள்.

இப்போதும் கிளம்புகிற யாரையும் நான் 'எங்க' என்று கேட்பதில்லை. 'தூரமா?' என்றுதான் கேட்கிறேன். அது எதிரில் வருகிறவரின் மனசுக்காக. அதை விட மாட்டேன். என்னை யார் என்ன கேட்டாலும் நின்று பதில் சொல்லிவிட்டுப் போகிறேன். செம்பு அடுக்களையிலேயே இருக்கிறது.

பரீட்சை முடிந்த பிறகும் கொஞ்ச நாள் பின்பக்கத்தில் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். கை பழகிவிட்டது. போகப் போக, தெரிந்த கணக்கையே திரும்பத் திரும்பப் போடுகிறேன் என்று தெரிந்தது. நல்ல பழக்கம்தான். ஆனால் அதன் வேலை முடிந்துவிட்டதோ என்று ஒரு சந்தேகம். விடவும் மனசில்லை.

போன வாரம் ஒரு காலை காலண்டருக்குப் போனேன். தாள் ஏற்கெனவே கிழிந்திருந்தது. அடுப்பு பற்ற வைக்கவில்லை. உங்கள் அம்மா அரிவாள்மனைப் பலகையில் உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். அவள் எட்டாவதோடு நின்றவள். எட்டிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒரு காரணிப்படுத்தும் கணக்கு. இரண்டாவது வரி.

"மைனஸப் பாத்துக்க" என்றேன்.

"எல்லாம் எனக்குத் தெரியும்." தலையைத் தூக்காமலே தாளைத் திருப்பி முன்பக்கத்தைப் பார்த்தாள். "ஒங்க ராசிக்கு இன்னைக்குத் தாமதம்னு போட்டிருக்கு."

"எதுக்குத் தாமதம்?"

"காப்பிக்கு" என்று சொல்லிவிட்டு மூன்றாவது வரிக்குப் போனாள்.

நான் அடுப்பைப் பற்ற வைத்தேன்.